கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்: மதுரையின் பழைய இடங்களைப் பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யாராவது மதுரைக்கு வருவதாக இருந்தால் எனக்கு ஒரு போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இந்தத் தடவை எழுதியே வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்னென்ன பார்க்க முடியும்?

மூன்று இடங்கள் பார்க்கலாம், நான்காவதை விட்டுவிடுங்கள். விடிந்ததும் ஒரு மலை, காலை பத்து மணிக்கு மேல் கீழடி அருங்காட்சியகம், மாலையில் மீனாட்சியம்மன் கோயில். நான் சொல்வது இதைத்தான். பலர் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு ஜிகர்தண்டா குடித்து ரயிலேறிவிடுகிறார்கள். அந்த இரண்டிலும் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி நாயக்கர் காலத்து வேலை, அதாவது நானூறு ஐநூறு வருடம். ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து இருக்கிறது. அதில் ஒன்றையாவது பார்க்காமல் மதுரை பழைய ஊர் என்று சொல்வது வெறும் கேள்வி ஞானம்தான்.

இரண்டு நாள் கிடைத்தால் மகாலையும் காந்தி அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கு எந்த நேரத்தில் போவது நல்லது? போன் கொண்டுபோகலாமா?

போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். 2018-ல் தீ விபத்து நடந்தது, அதன் பிறகு கெடுபிடி கூடிவிட்டது. குடும்பத்தோடு போனால் எல்லார் போனையும் ஒரே டோக்கனில் போட்டு, எந்தக் கோபுர வாசலில் கொடுத்தீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாசலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தெற்கு வாசலில் கொடுத்துவிட்டு வடக்கு வாசலில் தேடியவர்கள் நிறையப் பேர்.

மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிவாக்கில் திறப்பார்கள். சாமி பார்க்க மட்டும் என்றால் அதிகாலை நல்லது. சிற்பமும் பார்க்க வேண்டும் என்றால் நடை திறந்ததும் போய், விளக்கு ஏற்றும் நேரம் வரை இருங்கள். வேட்டி, பேன்ட், சேலை, சுடிதார் எதுவும் சரி. அரைக்கால் சட்டை வேண்டாம்.

கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபம் பார்க்கத் தனி டிக்கெட்டாமே, தேவையா?

கண்டிப்பாகத் தேவை. சிறிய தொகைதான். 1569-ல் அரியநாத முதலியார் கட்டிய மண்டபம் இது. பெயர் ஆயிரங்கால் என்றாலும் இருப்பது 985 தூண்கள். இப்போது கோயிலின் கலைக்கூடம் அதற்குள்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் பெட்டிகளில் இருக்கும் செப்புத் திருமேனிகளைப் பார்க்க ஓடாதீர்கள். முதலில் நடுப்பாதையின் இரு பக்கத் தூண்களையும் பாருங்கள். அங்கே ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறவனும் இருக்கிறான், தாடி வைத்த பேடியும் (ஆணும் பெண்ணும் கலந்த உருவம்) நிற்கிறாள். குறவனின் காலைக் கவனியுங்கள். கனத்தைச் சுமக்கிறவனுக்குத்தான் கெண்டைச் சதை அப்படி இறுகும். அதைச் செதுக்கியவர், மூட்டை தூக்குகிறவரை நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே வந்தால் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் இருந்தன. என் பள்ளிச் சீருடையே அங்கே தைத்ததுதான். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

திருமலை நாயக்கர் மகால் சின்னதாக இருக்கிறதே, இதற்கா இவ்வளவு பேர்?

நீங்கள் பார்ப்பது முழு அரண்மனை இல்லை. 1636-ல் கட்டியதில் ஏறக்குறைய கால் பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சமும் சிதைந்துகொண்டிருந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் அதைப் பழுது பார்த்தார். அப்புறம் வெகுகாலம் நீதிமன்றம் அங்கேதான் நடந்தது.

இழந்தது எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? மகாலிலிருந்து நடந்தே பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மேலே எதையும் தாங்காமல் பத்துப் பெரிய கல்தூண்கள் நிற்கும். அதுவும் அரண்மனையின் பகுதிதான். துணி மூட்டையைச் சாய்த்துவைத்து, சைக்கிளை நிறுத்தி, தினசரி வாழ்க்கை அதைச் சுற்றி நடக்கிறது. மகாலில் நின்றபோது புரியாத அளவு எனக்கு அந்தச் சந்தில்தான் புரிந்தது.

மகாலில் மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. பராமரிப்பு வேலை நடக்கும்போது நிறுத்திவிடுவார்கள், அதனால் போன அன்றே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தூண்களில் ஆள் உயரம் வரைக்கும் காதலர் பெயர்கள் கீறியிருக்கும். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

காந்தி அருங்காட்சியகம் குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

பிடிக்கும், நீங்கள் கூடவே இருந்து கதை சொன்னால். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. கூச்சல் போட்டுக்கொண்டு வந்த என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கு முன்போ பின்போ மேலமாசி வீதிக்குப் போய்விட்டு வாருங்கள். 1921 செப்டம்பர் 22-ல் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறியது மதுரையில்தான். அப்போது அவர் தங்கியிருந்த வீடு அந்த வீதியில் இருக்கிறது, இப்போது காதிக் கடை. அங்கே தொடங்கிய உடையின் கடைசித் துண்டு தமுக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். இந்தப் பயணத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லிக் கூட்டிப் போங்கள். சில சாதியினரை உள்ளே விடாத காலத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காந்தி போகவில்லை. 1939 ஜூலை 8-ல் மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். காந்தி 1946-ல் வந்தபோதுதான் உள்ளே போனார். மாலையில் கோயிலுக்குப் போகும்போது அந்த வாசல் வேறு மாதிரி தெரியும்.

அரசு அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

கீழடிக்குப் போனால் குழியைப் பார்க்கலாமா, அருங்காட்சியகம் மட்டுமா?

அகழாய்வு நடக்கும் காலத்தையும் அனுமதியையும் பொறுத்தது. விடுமுறை நாள் தவிர அருங்காட்சியகம் நிச்சயம். மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர், சிலைமான் தாண்டிப் போக வேண்டும். மாவட்டம் சிவகங்கை. 2014-15-ல் அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை பள்ளிச்சந்தைத் திடலில், தென்னந்தோப்புக்கு நடுவே, தோண்டத் தொடங்கியது. பிறகு மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியைச் சோதித்தபோது கி.மு. 580 என்று வந்தது. அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள்.

பார்ப்பவர்கள் பெரும்பாலும் தங்க நகைத் துண்டுகளைத் தேடிப் போகிறார்கள். எனக்குப் பிடித்தது பானை ஓடுகள். உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஒரு கறுப்பு சிவப்பு ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருக்கும். அது ராஜா பெயர் இல்லை. பானை யாருடையதோ அவர் பெயர். நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டி வைப்போமே, அதேதான். கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் பாத்திரத்தில் அம்மா பெயரைத் தேடிப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த ஓடு உடனே புரியும்.

அப்புறம் தக்களிகளைப் பாருங்கள், விளையாட்டுக் காய்களைப் பாருங்கள், பகடைக் கட்டையில் புள்ளி போட்டிருப்பதைப் பாருங்கள். நூல் நூற்றவர்கள், மாலையில் உட்கார்ந்து ஆடியவர்கள் இருந்த ஊர் அது. உறைகிணறு எப்படி அடுக்குகிறார்கள் என்று தெரிந்த பெரியவர் உங்களோடு இருந்தால் அவரை முன்னால் விட்டு விளக்கச் சொல்லுங்கள். சுடுமண் வளையத்தின் மேல் வளையம் இறக்கும் வேலை, எங்கள் பக்கத்துத் தாத்தாக்களுக்குப் புதிதல்ல.

முதுமக்கள் தாழிகள் கிடைத்தது பக்கத்தில் கொந்தகையில். ஊர் ஒரு பக்கம், இறந்தவர்களைப் புதைத்த இடம் ஒரு பக்கம்.

குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் வார விடுமுறை ஒவ்வொரு கிழமை. கதவடைத்த வாசலில் நின்று திரும்பியவர்களின் வருத்தத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

மலை மலை என்கிறீர்களே, எந்த மலை?

மதுரையைச் சுற்றி ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள், அவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள், பிற்காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள். முதல் தடவை வருபவர்களுக்கு நான் நான்கைச் சொல்வேன்.

சமணர்மலை, கீழக்குயில்குடி. ஏறுவதற்கு எளிது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாக எட்டு உருவங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, பக்கத்தில் சுனை. கி.பி. 9, 10-ம் நூற்றாண்டு வேலை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே குகை வாசலில் மகாவீரர் ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருப்பார். உள்ளே குனிந்து பார்த்தால் சிங்கத்தின் மேலிருந்து யானையோடு போர் செய்யும் பெண் தெய்வம். காலை வெயில் பாறைமேல் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு விரலும் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். இதற்காகவே சீக்கிரம் எழுந்திருங்கள்.

யானைமலை, ஒத்தக்கடை. மதுரையிலிருந்து மேலூர் போகும்போது யானை படுத்திருப்பது போலத் தெரிகிறதே, அதுதான். ஞானசம்பந்தர் தேவாரத்திலேயே சமணர் இருந்த மலையாக வருகிறது. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறங்காரி கி.பி. 770-ல் குடைந்தது. அவர் முடிப்பதற்குள் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் மீதி வேலையை முடித்தார். மேலே சமண உருவங்களில் பழைய வண்ணப் பூச்சின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். இல்லாவிட்டால் இந்தப் பத்தியை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

மாங்குளம், மீனாட்சிபுரத்துக்கு மேல். கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனால் நான் ஒரே ஒரு மலையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கவனத்துக்கு வந்த கல்வெட்டுகள். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பாறையில் இருக்கிறது, 'நெடுஞ்சழியன்' என்று. சங்கப் பாட்டில் படித்த பெயர் கண்ணெதிரே கல்லில் நிற்கிறது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குக் கடலன் வழுதி என்ற அதிகாரி செய்துகொடுத்த பள்ளி அது, அதாவது துறவிகள் தங்கும் இடம். பக்கத்தில் 'வெள்ளறை நிகமத்தோர்' என்று வணிகர் குழு ஒன்றின் பெயரும் இருக்கிறது. அருகிலிருக்கும் வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அரிட்டாபட்டி. இங்கே கல்வெட்டு, சமண உருவம், பாண்டியர் குடைவரை, வல்லூறு வகைப் பறவைகள், ஏரி, சுனை எல்லாம் ஒரே ஊரில். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர்ப் பக்கமே திரண்டு எழுந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே போனால் ஊர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாறையில் எந்தப் பறவை கூடு கட்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

குகைக்குப் போனால் என்ன பார்ப்பது? பாறைதானே இருக்கிறது?

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். எழுத்து பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் தரையைப் பாருங்கள். படுக்கைகள் வழவழப்பாக இருக்கும், தலைப்பக்கம் தலையணை போலக் கல்லையே உயர்த்தி விட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை மாங்குளத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. நாங்கள் பதினைந்து பேர் குகைக்குள் ஒண்டினோம். வெளியே காடியிலிருந்து நீர் கயிறு கயிறாக இறங்கியது, எங்கள்மேல் ஒரு துளி விழவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் உளி பிடித்தவரின் கணக்கு இன்னும் தப்பவில்லை.

தமிழி எழுத்தை நாமே படிக்க முடியுமா?

இந்தக் குகைகளில் இருக்கும் மிகப் பழைய தமிழ் எழுத்துதான் தமிழி, தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். நான்கைந்து எழுத்து பத்து நிமிடத்தில் வந்துவிடும். கூட்டல் குறி போட்டால் க. நேராக ஒரு கோடு கிழித்தால் ர. படுத்த கோட்டின்மேல் ஒரு குச்சி நட்டால் ந. வலப்பக்கம் திறந்த அரைவட்டம் ட. ப ஏறக்குறைய இன்றைய ப-தான், மூலை கொஞ்சம் வளைந்திருக்கும். இதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, பாறையில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பெரியவர்களை முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள்.

எழுத்து சரியாகத் தெரியவில்லை. சுண்ணாம்போ மாவோ பூசிப் படம் எடுக்கலாமா?

கூடவே கூடாது. சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதுவும் வேண்டாம், விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள், எழுத்து தானே எழும்பி வரும்.

பெயர் கீறுவது பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஒரு குகையில் கற்படுக்கையின் மேலேயே எனாமல் பெயின்டால் பெரிய எழுத்தில் ஊர்ப் பெயரும் வருடமும் எழுதியிருந்ததைப் பார்த்து அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் காவலாளி எல்லா மலையிலும் நிற்க முடியாது. உங்களோடு வரும் பையன் கையில் ஆணியோ மார்க்கரோ பார்த்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.

எந்த மாதம் வரலாம்?

மார்கழி, தை, மாசி. பங்குனி பிறந்தால் பாறை சுடத் தொடங்கிவிடும், அக்னி நட்சத்திரத்தில் மலைப்பக்கமே போகாதீர்கள். ஒரு வருடம் சித்திரையில் பத்து மணிக்கு மேல் ஏறிய தவறுக்கு என் தங்கை மகள் உள்ளங்காலில் கொப்புளத்தோடு இறங்கினாள். செருப்பைக் கழற்றும் இடம் வரும், அதனால் தடித்த காலுறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பாறை வழுக்கும்.

சித்திரைத் திருவிழா பார்க்க வருவதென்றால் திருவிழாவை மட்டும் பாருங்கள். அந்த நாட்களில் ஊருக்குள் நகர முடியாது.

முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக. கீழடி, மகால், காந்தி அருங்காட்சியகம் மூன்றும் சமதளம். யானைமலையில் நரசிங்கப் பெருமாள் கோயில் வரை வண்டி போகும். வண்டியூர் தெப்பக்குளத்தில் சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால் போதும், நடு மண்டபத்தில் வெயில் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழக்குயில்குடியில் மேலே ஏறாவிட்டாலும் அடிவாரத்து ஆலமர நிழலும் தாமரைக் குளமும் நல்ல இடம். என் மாமியார் அங்கேயே உட்கார்ந்து அய்யனார் கோயில் பூசாரியிடம் ஊர்க் கதை முழுவதும் கேட்டு வைத்திருந்தார், நாங்கள் இறங்கி வருவதற்குள்.

மதுரையைத் தாண்டி எங்கே போகலாம்?

கிழக்கே என்றால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம். சேதுபதிகளின் அரண்மனை, சுவரும் விதானமும் முழுக்க ஓவியம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் சுவரில் இருக்கிறது. வடகிழக்கே புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். சித்தன்னவாசலில் தாமரைக் குளம் வரைந்த விதானத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், ஏழடிப்பட்டம் வரை போய்வாருங்கள். அங்கேயும் கற்படுக்கையும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. வடக்கே திண்டுக்கல் மலைக்கோட்டை, நாயக்கர் கட்டி ஹைதர் அலி, திப்பு கை மாறி ஆங்கிலேயரிடம் போனது. ஏறுவதற்குக் காலை நேரம்தான் சரி.

பஸ்ஸில் போவதென்றால் ராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் மாட்டுத்தாவணியில் ஏறுங்கள். திண்டுக்கல்லுக்கு ஆரப்பாளையம். கீழக்குயில்குடிக்குப் பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.